செடிகள் நடப்பதை விட்ட கதை

செடிகொடிகளுக்குக் கால் இருந்த காலம் அது. இன்று நாம் வேர் என்று சொல்வதைத்தான் அன்று அவை கால் என்றன. பிடித்த இடத்தில் மண்ணுக்குள் நுழைத்துக்கொண்டு நிற்கும். தாகம் எடுத்தால் உருவிக்கொண்டு ஆற்றுக்கு நடக்கும். வெயில் கடுமையானால் நிழலுக்கு ஒதுங்கும். பேசவும் பேசும். ரொம்பவே பேசும்.

அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவள் பாவாயி.

ஆற்றுக்கு மேற்கே ஒரு மேட்டில் பாவாயியும் அவள் புருஷன் சென்னியப்பனும் குடியிருந்தார்கள். பாவாயி செடிகளுக்கு வைத்தியம் பார்ப்பவள். அந்தச் சீமையில் வேறு யாருக்கும் அந்த வித்தை தெரியாது. அதனால் பொழுது விடியும் முன்பே வாசலில் கூட்டம் கூடிவிடும். அவள் பல் விளக்கும்போது ஒரு அவரைக் கொடி தோளில் கை வைக்கும். கஞ்சிக் கலயத்தைத் திறந்தால் அதற்குள் ஒரு இலை எட்டிப் பார்க்கும்.

கூட்டத்தைக் கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது அவை சொன்ன பதில்கள்தான்.

"உனக்கு என்ன?" என்று ஒரு நாள் காலை வெண்டையைக் கேட்டாள்.

"மஞ்சளா இருக்குதுங்க்கா."

"எத்தனை நாளா?"

"நேத்துலிருந்துதானுங்க்கா."

"பொய்யுங்க்கா," என்றது பின்னால் நின்ற இன்னொரு வெண்டை. "பத்து நாளா இந்தக் கோலத்துலதான் ஊரைச் சுத்திட்டு இருக்குறா."

"சரி, எதனால வந்துச்சு?"

"அந்த எள்ளுச்செடி கண்ணு வெச்சுட்டாளுங்க்கா."

பாவாயி பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்ததைப் பார்த்தாள். மஞ்சள் செடி நின்றது.

"உனக்கு?"

"எனக்கும் மஞ்சளா இருக்குதுங்க்கா."

"நீ மஞ்சள்தானே! உனக்கு மஞ்சளா இல்லாம வேற எப்படி இருக்கும்?"

"அது கிழங்குங்க்கா. இலை பச்சையா இருக்கோணுமில்லீங்களா?"

அதற்கு அடுத்து வந்த பூசணி, இலையெல்லாம் வெள்ளைப் பொடி அப்பிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் பாவாயிக்குக் கோபம் தலைக்கேறியது. "என் அடுப்புச் சாம்பல்ல புரண்டுட்டு வந்து நோவுங்கறயா? போ, ஆத்துல குளிச்சுட்டு வா!" என்று விரட்டினாள். பூசணி அழுதுகொண்டே ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தது. மறுநாள் பொடி முன்னைவிட அதிகமாகப் பூத்திருந்தது.

"என்னால ஆகாதுங்க," என்றாள் பாவாயி, சென்னியப்பனிடம். "ஒண்ணாச்சும் உள்ளதைச் சொல்லுதா? அமாவாசையன்னைக்கு நடந்தேங்குது. பெரியம்மா சாபங்குது. வாழை சொல்லுது, பக்கத்துத் தோட்டத்து வாழை தன்னைப் பாத்துச் சிரிச்சதுல குருத்து சுருங்கிப் போச்சாம்!"

சென்னியப்பன் சாணக் கரைசலைக் கலக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதற்குமே கோபம் வராது. அதுவே பாவாயிக்குப் பாதிக் கோபத்தைக் கொடுத்தது.

"அதுகளுக்கு என்ன தெரியும்?" என்றான். "வலிக்குது, வருது."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

அன்று மத்தியானம் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். பார்த்தால் போதும். ஒரு குச்சியை எடுத்து வாசலில் நான்கு கோடு கிழித்தாள். இலை மஞ்சளானது எல்லாம் கிழக்கே. புள்ளி விழுந்தது எல்லாம் மேற்கே. வாடித் தொங்குவது எல்லாம் கிணற்றடியில். வளராமல் குறுகிப் போனது எல்லாம் வேலியோரம். வரிசைக்கு ஒரு மருந்து. எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி, அதைக் கழுவ ஒரே சட்டி. கெட்ட கிளையை வெட்டு, மருந்தைப் பூசு, அடுத்தது வா.

ஏற்பாடு அருமையாக நடந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அன்று பாவாயி சோற்றைச் சூடாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் கிணற்றடி வரிசைக்கு ஒரு முள்ளுக்கத்திரி வந்தது. முந்தாநாள் வரை நிமிர்ந்து நின்றதாம். இப்போது இலையெல்லாம் பச்சை மாறாமலே வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டு தொங்கின. அதைத் தோளோடு சாய்த்து நடத்திக்கொண்டு வந்தது ஒரு சுண்டைச்செடி. கத்திரிக்கு அது அக்கா முறை. காயைப் போலவே வாயும் கசப்பு என்று அக்கம்பக்கத்தில் அதற்குப் பேர்.

"உனக்கென்ன நோவு?" என்றாள் பாவாயி, சுண்டையிடம்.

"எனக்கு ஒண்ணுமில்லை. இவளைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேணுமில்ல?"

"நோவில்லாதவங்களுக்கு இங்க இடமில்லை."

"நான் இடம் கேக்கலையே. ஓரமா நிக்கறேன்."

முள்ளுக்கத்திரிக்கு அடுத்து ஒரு வரிக்கத்திரி நின்றது. ஆற்று மணலிலிருந்து வந்தது. அதன் இலையும் தொங்கியிருந்தது. "அக்கா," என்றது மெதுவாக, "எனக்கு ரெண்டு நாளா தண்ணி பத்தலைங்க. மணல்ல காலை வெச்சுட்டேன். ஒரு குடம் தண்ணி கிடைச்சா சரியாப் போயிரும்னு நினைக்கறேனுங்க."

அத்தனை மாதத்தில் தன் நோய்க்குச் சரியான காரணத்தைச் சொன்ன செடி அது ஒன்றுதான். ஆனால் பாவாயிக்குக் காது அடைத்துப் போயிருந்தது.

"நினைக்கறதை எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ வரிசையில நில்லு," என்றாள்.

முள்ளுக்கத்திரியின் துவண்ட கிளையை வெட்டினாள். கத்தியைச் சட்டியில் ஒரு முக்கு முக்கினாள். வரிக்கத்திரியின் கிளையை வெட்டினாள். மறுபடி சட்டியில் ஒரு முக்கு. அடுத்தது வா.

வைத்தியம் நடக்க நடக்கக் கூட்டம் குறைய வேண்டும். இது வளர்ந்தது. நான்கு வரிசையும் வாசலைத் தாண்டி, வண்டித்தடத்தைத் தாண்டி, ஆற்றுப்படி வரைக்கும் போயின. ஒரு இலை வெளுத்து வந்த வெண்டை, பத்து நாளில் இலை நரம்பெல்லாம் மஞ்சள் வலை பின்னியதுபோல் ஆகி நின்றது. வெள்ளை ஈக்கள் ஒன்றின் தலையிலிருந்து அடுத்ததின் தலைக்குத் தாவிக்கொண்டிருந்தன. எவையும் எங்கேயும் தூரம் பறக்க வேண்டியிருக்கவில்லை. எல்லா வெண்டையையும்தான் பாவாயி தோளோடு தோள் நிறுத்தியிருந்தாளே.

"சொன்ன பத்தியம் இருக்கறதில்லை," என்று அவள் செடிகளைத் திட்டினாள். "இங்க மருந்து வாங்கிட்டு அந்தப் பக்கம் போய்ச் சேத்துல விளையாடறது. அப்புறம் எப்படிக் குணமாகும்?"

ஏழாம் நாள் முள்ளுக்கத்திரி செத்தது. சுண்டை அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்லப் படுக்க வைத்தது. ஊருக்குத் திரும்பிப் போகவில்லை.

பத்தாம் நாள் காலை வரிக்கத்திரி தலை சாய்ந்தது. அதற்குப் பக்கத்தில் சென்னியப்பன் வைத்த தண்ணீர்க் குடம் பாதிக்குமேல் காலியாக இருந்தது. குடித்த தண்ணீர் மேலே ஏறவே இல்லை.

"பாத்தீங்களா?" என்றாள் பாவாயி. "தண்ணி குடுத்தா சரியாப் போயிரும்னா. குடுத்தாச்சே! என்ன ஆச்சு? இதுகளுக்கு ஒரு எழவும் தெரியாது."

"அவளுக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு," என்றது சுண்டை.

பாவாயி திரும்பினாள். "நீ இன்னும் போகலையா?"

"போகலை. பத்து நாளா இங்கயே நின்னு பாத்துட்டு இருக்கேன். என் தங்கச்சி நோவோட வந்தா, செத்தா. அதுல எனக்கு உன்மேல குத்தமில்லை. ஆனா அவளுக்கு அடுத்து யாரை வெட்டுனே?"

"வரிசையில நின்னவளை வெட்டுனேன்."

"இவளை. இவளுக்கு அடுத்து?"

சுண்டையே சொன்னது. "இவளுக்கு அடுத்து அந்த நெட்டைக்கத்திரி. நேத்துத் தொங்குனா. அதுக்கு அடுத்து பொய்யூர் கத்திரி. இன்னைக்குக் காலைல தொங்கறா. உன் கத்தி போன வழியிலயேதான் சாவும் போகுது, அக்கா. வெட்டுப்படாம கடைசியில நிக்கறாளே ஒருத்தி, அவ மட்டும் வந்த மாதிரியே நிக்கறா."

"என் கத்தியா? ஒவ்வொரு தடவையும் கழுவித்தானே வெட்டறேன்!"

"எதுல கழுவறே?"

பாவாயிக்கு வந்த கோபத்தில் அந்தச் சட்டியைத் தூக்கிச் சுண்டையின் மேலேயே எறிந்திருப்பாள். சென்னியப்பன் குறுக்கே வந்தான். "சண்டை எதுக்கு? வெட்டிப் பாத்துட்டாப் போகுது," என்றான், எப்போதும் போல நிதானமாக.

வெடுக்கென்று உட்கார்ந்து, செத்துக் கிடந்த வரிக்கத்திரியின் தண்டை அடியில் ஒரு விரல்நீளம் நறுக்கினாள் பாவாயி. உள்ளே தண்டு பழுப்பேறியிருந்தது. ஒரு கிண்ணத்தில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி அதைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வெட்டிய இடத்திலிருந்து நூல்போல வெள்ளையாக ஏதோ ஒன்று இறங்கியது. அரிசி கழுவிய தண்ணீர்போல அது கிண்ணத்தின் அடிவரை இழைந்து போய்க் கலங்கியது.

அவள் எழுந்தாள். அடுக்களையிலிருந்து வேறு கத்தி, வேறு கிண்ணம் கொண்டுவந்தாள். வரிசையின் கடைசியில் நின்ற கத்திரியிடம் ஒரு சின்னக் கிளையைக் கேட்டு வாங்கி நறுக்கித் தண்ணீரில் பிடித்தாள். எவ்வளவு நேரம் பிடித்தும் தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"உனக்கு என்ன?" என்று கேட்டாள்.

"தாகமுங்க்கா. பத்து நாளாச் சொல்லிட்டு இருக்கேனுங்க."

பாவாயி அந்தப் பழைய சட்டியைப் பார்த்தாள். பத்து நாள் கத்தி கழுவிய தண்ணீர். அந்த வெள்ளை நோய் அதிலும்தான் கலந்திருக்கும். எத்தனை தடவை கத்தியை அதில் முக்கி எடுத்து வெட்டினாள் என்று அவளுக்கே கணக்கில்லை. கிணற்றடியில் கிடந்த இரண்டு கத்திரியையும் பார்த்தாள். ஒன்று நோயோடு வந்து செத்தது. இன்னொன்று அவளிடம் வந்ததால் செத்தது.

"அது என்கிட்ட சொல்லுச்சுங்க," என்றாள் புருஷனிடம். "ஒரு குடம் தண்ணின்னு சொல்லுச்சு."

சென்னியப்பன் போய்க் கடைசியில் நின்ற கத்திரிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினான்.

அதற்குள் விஷயம் வரிசைகளில் பரவிவிட்டது. வாசலிலேயே நோய் ஒட்டுகிறதாம், கத்தியிலேயே இருக்கிறதாம், பக்கத்தில் நிற்பவளிடமிருந்தே வருகிறதாம். பத்தாயிரம் செடிகள் ஒரே நேரத்தில் காலை உருவின. ஆற்றுப் பக்கம், காட்டுப் பக்கம், மலை அடிவாரம் என்று ஆளுக்கொரு திசையில் ஓடப் பார்த்தன. மஞ்சள் வலை போட்ட வெண்டை வெள்ளை ஈக்களைத் தலையில் சுமந்தபடி தன் ஊரை நோக்கித் திரும்பியது. கால் முழுக்க முடிச்சு முடிச்சாக வீங்கிப்போயிருந்த ஒரு அவரை, அந்த முடிச்சுகளில் ஒட்டிய சேற்றோடு நொண்டி நொண்டிப் போனது. பூசணியின் மேலிருந்த வெள்ளைப் பொடி அது ஓடிய ஓட்டத்தில் புகைபோலக் காற்றில் எழும்பியது.

பாவாயி அதைப் பார்த்தாள். இந்தக் கூட்டம் ஊர் போய்ச் சேர்ந்தால், ஒரு ஊரில் கூட ஒரு செடி மிஞ்சாது என்று அந்த இடத்திலேயே அவளுக்குப் புரிந்தது.

"நில்லுங்கடீ!"

அவள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. கிணற்றுக்குள்ளிருந்த தவளைகூடப் பேச்சை நிறுத்தியது.

"எவளும் ஒரு அடி எடுத்து வெக்கக் கூடாது. நோவுக்குக் கால் கிடையாது, தெரியுமா? இத்தனை நாளா அதைச் சுமந்துட்டுத் திரிஞ்சது நீங்க. ஒருத்திகிட்டயிருந்து வாங்கி இன்னொருத்திக்குக் குடுத்தது நான். போதும். இன்னிக்கிருந்து யாரும் என் வாசலுக்கு வர வேண்டாம். அவங்கவங்க நிக்கற இடத்துல காலை ஊனுங்க. நான் வரேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் நானே வரேன். நான் வந்து பாத்து முடிக்கற வரைக்கும் காலைத் தூக்கக் கூடாது."

"தாகம் எடுத்தா?" என்றது வாழை. அதுதான் எல்லாரையும்விட அதிகம் குடிக்கும்.

"தண்ணி நான் கொண்டாந்து ஊத்தறேன்," என்றான் சென்னியப்பன்.

பாவாயி திரும்பி அவனைப் பார்த்தாள். "எத்தனை பேருக்குன்னு எண்ணிப் பாத்தீங்களா?"

"வாய்க்கால் வெட்டிக்கலாம்."

செடிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. யாரும் அசையவும் இல்லை, ஊன்றவும் இல்லை. கால் இருப்பவனை நிற்கச் சொல்வது சின்ன விஷயமா? "இவ பேச்சை நம்பி வரிசையில நின்ன கத்திரி அங்க செத்துக் கிடக்குது," என்று ஒரு எள்ளுச்செடி முணுமுணுத்தது. பாவாயிக்கு அது கேட்டது.

அப்போது சுண்டை நடந்து வந்தது. நேராக வேலியோரம் போய், கல்லும் சரளையுமாகக் கிடந்த இடத்தில் காலை இறக்கியது. ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் அசைத்து ஆழமாக ஊன்றிக்கொண்டது.

"தப்பை ஒத்துக்கிட்டவ இவ ஒருத்திதான்," என்றது. "உங்கள்ல ஒருத்தியாச்சும் பத்து நாள் நோவை நேத்து வந்ததுன்னு சொன்னதை ஒத்துக்கிட்டீங்களா?"

முதலில் மஞ்சள் காலை ஊன்றியது. பிறகு வாழை, முனகிக்கொண்டே. பிறகு ஒவ்வொன்றாக, ஆற்றுப்படியில் நின்றது, வண்டித்தடத்தில் நின்றது, மலை அடிவாரம் வரை ஓடிவிட்டது எல்லாம் அங்கங்கே காலை இறக்கின.

"இன்னொண்ணு," என்றாள் பாவாயி. "நான் வரும்போது எவளும் வாயைத் திறந்து காரணம் சொல்லக் கூடாது. கண்ணு வெச்சா, சாபம் குடுத்தான்னு எனக்கு வேண்டாம். இலையைக் காட்டுங்க. தண்டைக் காட்டுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்." பிறகு, "இந்தத் தடவை நெஜமாப் பாக்கறேன்," என்றாள்.

மறுநாள் ஒரு சட்டி நிறைய நெருப்புக் கங்குகளைச் சுமந்துகொண்டு அவள் கிளம்பினாள். ஒரு செடியை வெட்டினால் கத்தியை நெருப்பில் காட்டிவிட்டுத்தான் அடுத்த செடியைத் தொட்டாள். வாசலில் கிழித்த நாலு கோடுகளையும் மறந்தாள். ஒரே மஞ்சளாக இருந்தாலும் இலையைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் வெள்ளை ஈ இருந்தால் அது கொண்டுவந்து விட்ட நோய், செடியையே பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. ஈ இல்லாமல் அடியிலைகள் மட்டும் வெளுத்திருந்தால் அது வெறும் பசி, இரண்டு கூடை மட்கிய சாணம் போதும். மஞ்சள் செடி தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் காலை வைத்து மூச்சுமுட்டி நின்றது. வடிகால் வெட்டியதும் பச்சை திரும்பியது. பூசணியின் பொடி காற்றோடு வந்த பூஞ்சணம் என்று கண்டதும், பாவாயி அதனிடம் ஆற்றுக்கு விரட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புளித்த மோரைத் தெளித்தாள். அவரையின் காலைத் தோண்டிப் பார்த்தபோது முடிச்சுக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நூல் போன்ற புழுக்கள். உயிருள்ள ஒன்று உள்ளே புகுந்ததால் வந்த நோய் எது, ஏதோ ஒன்று இல்லாததாலோ அதிகமானதாலோ வந்த நோய் எது என்று முதலில் பிரித்துவிட்டுத்தான் அவள் மருந்துப் பையில் கையை விட்டாள். தவறு வரவில்லையா என்றால், வந்தது. ஆனால் வந்த தவறு அந்த ஒரு செடியோடு நின்றது.

ஒரு நாளைக்கு முப்பது செடி பார்க்க முடிந்தது. அதற்குமேல் முடியவில்லை. சென்னியப்பன் முன்னால் வாய்க்கால் வெட்டிக்கொண்டே போனான், அவள் பின்னால் குனிந்து குனிந்து பார்த்துத் திட்டிக்கொண்டே போனாள். மாரி வந்தது. நின்ற செடிகளின் கால் மழையில் இறங்கி, கிளைவிட்டு, மண்ணைக் கவ்விப் பிடித்தது. ஒரு வருஷம் கழித்து அவள் கடைசிச் செடியைப் பார்த்து முடித்து நிமிர்ந்தபோது, முதலில் பார்த்த செடியின் இலையில் புதிதாக ஒரு புள்ளி விழுந்திருப்பதாகச் சென்னியப்பன் வந்து சொன்னான்.

"அதை நேத்துதானே பாத்தேன்?" என்றாள்.

"போன வருஷம் பாத்தே."

அவள் நெருப்புச் சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து நடந்தாள். அவளுக்குப் பிறகு வந்தவர்களும் நடந்தார்கள். பார்த்து முடித்துவிட்டேன், காலைத் தூக்கிக்கொள்ளுங்கள் என்று இதுவரை ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அந்த வார்த்தைக்குக் காத்துக்கொண்டுதான் செடிகள் அன்றிலிருந்து வாயைத் திறக்காமல் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. கால் இருக்கும் நாம்தான் விடியுமுன் எழுந்து வரப்பில் நடந்து, இலையைத் திருப்பிப் பார்த்து, "உனக்கு என்னதான் நோவு?" என்று சலித்துக்கொண்டு நிற்கிறோம்.